பினாங்கிலிருந்து எவ்வளவு தூரம் பறக்கலாம்?

எங்கள் தாசேக் கெலுகோரிலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போகிறவர், பாலம் கடந்து பாயான் லெப்பாஸ் சென்றாலும், இடையில் விமானம் மாறத்தான் வேண்டும். ஓடுபாதையில் குறையில்லை, 3,352 மீட்டர். 2018 பிப்ரவரியில் கத்தார் ஏர்வேஸ் டோஹாவுக்கு நேரடிச் சேவையே தொடங்கியது. கோவிட் காலத்தில் அது நின்றுபோனது.

சிக்கல் இருக்கைகளில்தான். பெரிய விமானத்துக்கு ஒவ்வொரு முறையும் 200 பேருக்கு மேல் வேண்டும். நம் பயணிகளையோ கோலாலம்பூரும் சிங்கப்பூரும் இழுத்துக்கொள்கின்றன. நமக்குள்ள பலம், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் மின்னணுச் சரக்கு. பயணிகளுக்குக் கீழே ஏறும் அந்தப் பெட்டிகள், காலி இருக்கைகளின் நட்டத்தைக் கொஞ்சம் ஈடுகட்டும்.

நான் நம்புவது சிறிய விமானங்களை. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னைக்கு நேரடிச் சேவை தொடங்கியது. 8,700 கிலோமீட்டர் வரை பறக்கும் ஏர்பஸ் ஏ321எக்ஸ்எல்ஆர் விமானங்களையும் அதே நிறுவனம் வாங்கப் பதிந்துள்ளது. டோஹா அந்தத் தூரத்துக்குள் வரும், லண்டன் வராது.