கடற்கரை இருக்கைக்குத் திண்ணை தரும் பாடம்

பூங்காவில் ஓர் இருக்கை அமைப்பது எளிய வேலை என்றே பலரும் நினைப்பர். ஆனால் உப்புக் காற்று ஓயாது வீசும் தூத்துக்குடி போன்ற கடற்கரையில் அது அத்தனை எளிதன்று. கம்பி வைத்து வார்த்த சிமெண்ட் இருக்கைகள் சில ஆண்டுகளிலேயே வெடித்து, உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரியத் தொடங்குவதுண்டு. இதே காற்றில் பழைய வீடுகளின் திண்ணைகளோ தலைமுறைகளைத் தாண்டி நிற்கின்றன. காரணம் என்ன?

இரும்பு தோற்பது ஏன்?

சிமெண்டின் காரத்தன்மை, கம்பியின்மீது ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகளின் வழியே நுழைந்து அப்படலத்தை அழிக்கிறது, கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் உண்ட இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்குதலே சிமெண்டைப் பிளக்கிறது.

திண்ணையின் அமைப்பு

திண்ணையில் கம்பி இல்லை. அமர்பவரின் எடை நேரே கீழிறங்கித் தரையைச் சேருகிறது. கல்லும் காரையும் அழுத்தத்தை நன்கு தாங்கும், வளைவைத் தாங்கா. எனவே கற்பலகையால் இருக்கை செய்வோர் அதன் கால்களை நெருக்கமாக நிறுத்த வேண்டும்.

மழைநீர் தேங்காதபடி மேற்பரப்பைச் சற்றே வெளிப்புறம் சரித்திருப்பார்கள். சில திண்ணைகளின் ஒரு கோடியில் தலை சாய்க்கச் சரிவான மேடும் உண்டு. நம் இருக்கைக்கும் இவை பொருந்தும். உயரம் 40 முதல் 45 செ.மீ. இருந்தால் பாதம் தரையில் படியும். முதுகுச்சாய்வு 10 முதல் 15 பாகை பின்னோக்கி இருந்தால் முதுகு ஓய்வுபெறும்.

முத்தும் சுண்ணாம்பும்

முத்து, சிப்பி, சங்கு, பவளம் ஆகிய அனைத்திலும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டே. இதைச் சுமார் 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமில வாயு பிரிந்து சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதை நீரில் நீற்றிப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லாக இறுகும். காரை பழுதானால் மேற்பூச்சை மட்டும் புதுப்பித்தால் போதும்.

எதைப் பின்பற்றலாகாது?

இக்கடலோரத்தில் பவளக்கல்லையே கட்டடக் கல்லாகவும் பயன்படுத்தினர். 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவர்களில் அதை இன்றும் காணலாம். ஆனால் பவளப் பாறைகளே அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண். அவற்றை வெட்டி எடுத்ததன் விளைவாக, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் நீரில் மூழ்கின. 2001இல் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. தூத்துக்குடியை அடுத்த வான் தீவு தேய்ந்து வந்ததால், அதைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினர்.

ஆகவே பழைய கட்டடங்களிலிருந்து நாம் கொள்ளத்தக்கது அமைப்பு முறையே, பவளக்கல் அன்று. நெருங்கிய கால்களின்மீது கருங்கல் பலகை, அல்லது மர ஆணிகளால் இணைத்த வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்கள், நீர் வடியச் சிறு சரிவு, மேலே நிழல். இவை இருந்தால் இருக்கையும் நிலைக்கும். அதிலமர்ந்து நாம் காணும் கடலின் அரணும் நிலைக்கும்.