கம்பெனி பக்கத்தில் கமெண்ட் போட்டால் அது புகார் ஆகுமா?

ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலை, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலில்தான் பிரிகிறது. கார், பைக், லாரி, டயர், செல்போன் என்று நாடு முழுக்கப் போகும் சரக்கு அந்தத் தடத்தில் தயாராகிறது. அதைச் செய்கிறவர்கள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வாடிக்கையாளர்களாகிவிடுகிறார்கள். தவணையில் எடுத்த பைக், ஆஃபரில் வாங்கிய போன், ஊருக்கு அனுப்பிய வாஷிங் மெஷின். இதில் ஏதாவது ஒன்று மக்கர் செய்தால் இன்று பலர் முதலில் போவது கடைக்கு அல்ல, அந்த கம்பெனியின் ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு.

அங்கே பதில் சீக்கிரம் வருகிறது. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், விவரத்தை இன்பாக்ஸில் அனுப்புங்கள்" என்கிறார்கள். அனுப்பினால் ஒரு நன்றி. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மறுபடியும் அதே வருத்தம். புகார் பதிவாகிவிட்டது என்று நம்பிக் காத்திருப்பார் வாடிக்கையாளர். உண்மையில் எங்கும் எதுவும் பதிவாகியிருக்காது.

பக்கத்தை நடத்துவது பெரும்பாலும் சர்வீஸ் துறை அல்ல. மார்க்கெட்டிங் துறை, அல்லது அவர்கள் அமர்த்திய விளம்பர ஏஜென்சி. அவர்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை உங்களைப் பக்கத்தில் தங்கவைப்பது: வினாடி வினா, பொங்கல் வாழ்த்து, உங்கள் வண்டியோடு ஒரு செல்ஃபி. எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதுதான் மாதக் கடைசியில் அவர்கள் காட்டும் கணக்கு. இதில் தப்பு ஒன்றும் இல்லை, வியாபாரம் அப்படித்தான். உங்கள் கோபமான கமெண்டும் அந்தக் கணக்கில் ஒரு எண்ணாகச் சேர்ந்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் போதும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஃபேஸ்புக் பக்கத்தை நடத்துகிறவர் ஒரு கமெண்டை அழிக்காமலே மறைத்துவைக்கலாம். எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரியும். மற்றவர்கள் கண்ணில் படாது. ஊரே பார்க்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஓலா எலெக்ட்ரிக் விவகாரத்தைப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே தொழிற்சாலை வைத்திருக்கும் நிறுவனம் அது. 2024 அக்டோபர் 6 அன்று நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா, சர்வீஸுக்கு வந்து குவிந்து நிற்கும் ஸ்கூட்டர்களின் படத்தை எக்ஸ் தளத்தில் போட்டார். காசு வாங்கிக்கொண்டு போட்ட பதிவு என்ற தொனியில் நிறுவனர் பவிஷ் அகர்வால் பதிலடி கொடுக்க, ஸ்கூட்டர் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் கதைகளை அடியில் கொட்டினார்கள். நாடே வேடிக்கை பார்த்தது. மறுநாள் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஆனால் நோட்டீஸுக்கு அடிப்படை அந்தச் சண்டை அல்ல. தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் ஓராண்டில் பதிவாகியிருந்த 10,644 புகார்கள்தான். அவற்றில் 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது; ஆணையம் அதோடு விடாமல் நவம்பரில் விசாரணைக்கு உத்தரவிட்டது. பதிவு எண்ணோடு இருந்த புகார்களை எண்ண முடிந்தது. கமெண்டுகளை யார் எண்ணுவார்கள்?

புகார் பதிவாகாதது சிறிய நஷ்டம். கமெண்ட் பெட்டியில் இன்னொரு ஆபத்தும் காத்திருக்கிறது.

பெரிய நிறுவனங்களின் பக்கங்களை மோசடிக்காரர்கள் இரவும் பகலும் கண்காணிக்கிறார்கள். "ரீஃபண்ட் இன்னும் வரவில்லை, என் நம்பர் இது" என்று ஒருவர் எழுதினால் சில நிமிடங்களில் அழைப்பு வந்துவிடும். அதே லோகோ, கிட்டத்தட்ட அதே பெயர். நடுவில் ஒரு புள்ளியோ 'கேர்', 'சப்போர்ட்' என்ற ஒட்டோ இருக்கும். பேசுகிறவருக்கு உங்கள் பெயர், பொருள், பிரச்சினை எல்லாம் தெரியும். தெரியாமல் எப்படி, நீங்கள்தானே எழுதினீர்கள்! பிறகு ஒரு லிங்க், ஒரு ஏபிகே ஃபைல், அல்லது திரையைப் பகிரும் ஆப். "ரீஃபண்ட் ஏற யுபிஐ பின் போடுங்கள்" என்பது கடைசிக் கட்டம். பணம் வாங்குவதற்கு பின் எண் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் வெளியேதான் போகும்.

அதனால் கமெண்ட் போடுகிறவர்கள் போன் நம்பர், ஆர்டர் நம்பர், வண்டி நம்பர், பில்லின் படம் எதையும் பொதுவில் போடக் கூடாது. கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி எடுப்பதைவிட வாரண்டி அட்டையிலோ பில்லிலோ அச்சிட்டிருப்பதை எடுப்பது பத்திரம். பணம் போய்விட்டால் முதல் வேலை சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைப்பது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க அதுதான் வேகமான வழி. கூடவே வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். பின் எண்ணையோ ஓடிபியையோ நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போன பணம் நம் தலையில். சொன்ன பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதி இது. ஷிப்ட் முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். கம்பெனி பெயரில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

இதே வேஷத்தில் வேலைவாய்ப்புப் பக்கங்களும் இந்தத் தடத்தில் உலவுகின்றன. "ஒரகடத்தில் உடனடி வேலை, சாப்பாடு, ரூம் இலவசம், யூனிஃபார்முக்கு மட்டும் பணம் அனுப்பவும்." வேலை கொடுப்பதற்கு முன்பே காசு கேட்டால் அது வேலை இல்லை, அவ்வளவுதான்.

போட்டிகளுக்கு வருவோம். "லைக் செய்து மூன்று நண்பர்களை டேக் செய்தால் பைக் பரிசு" என்று ஒரு பக்கம் அறிவிக்கிறது. ஊரே டேக் செய்கிறது. பிறகு பேச்சே இல்லை. யாருக்குப் பைக் போனது, போனதா என்றே தெரியாது. இதை நாம் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பரிசுத் திட்டம் முடிந்ததும் அதன் முடிவைப் பங்கேற்றவர்களுக்குச் சொல்லாமல் மறைப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலை வேறொருவருக்குக் கொடுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. போட்டிக்காகக் கொடுத்த போன் நம்பருக்கு மறுவாரமே பிளாட் விற்கிறவர்கள் அழைத்தால் அது தற்செயல் என்று நினைத்து விட்டுவிட வேண்டியதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: தகவல் எதற்கு என்று கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும், அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி தர வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலுக்கு வருகின்றன. அதுவரை நம்பரைக் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

பிளாட் என்றதும் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பெருமாள் கோவில் பெயரைச் சமூக ஊடகத்தில் தேடினால் ஊர்க் கோயிலின் பாடலாத்ரி நரசிம்மருக்குப் போட்டியாக வருவது மனை விளம்பரங்கள்தான். ட்ரோன் காட்சி, பின்னணி இசை, "ஒரகடம் பத்தே நிமிடம்", "இன்னும் இரண்டு மனைகள் மட்டுமே". விலையைக் கேட்டால் "இன்பாக்ஸுக்கு வாருங்கள்". 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். முகநூல் வீடியோவும் விளம்பரம்தான். விளம்பரத்தில் சொன்னதை நம்பி முன்பணம் கட்டியவர், சொன்னது பொய் என்று தெரிந்தால் இழப்பீடு கேட்கலாம். விலகிக்கொள்ள விரும்பினால் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அந்த வீடியோவை அன்றே இறக்கிச் சேமித்து வைத்தவருக்குத்தான் இந்த உரிமை கைகொடுக்கும். பக்கம் நாளை காணாமல் போகலாம். "இரண்டே மனைகள்" என்ற போலி அவசரத்தை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. அந்த மனைப்பிரிவைச் சுற்றிக்காட்டும் யூடியூபர் பணம் வாங்கியிருந்தால், இது விளம்பரம் என்று பார்ப்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

தவறான விளம்பரத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் புகார் கொடுக்கலாம் என்று நுகர்வோர் சட்டத்தின் 17-ம் பிரிவு சொல்கிறது. பட்டாவுக்கும் குடிநீருக்கும் மனு கொடுக்கும் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு இப்படி ஒரு மனுவோடு போகிறவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. போகலாம். விளம்பரதாரருக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இந்த ஊர்க் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரியாணிக் கடையும் மொபைல் கடையும் இப்போது பக்கம் வைத்திருக்கின்றன. நல்லது. ஆனால் காசு கொடுத்து ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதவைத்தால் சிக்கல் உங்களுக்கும் வரும். பக்கத்துக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டுவையுங்கள். நிர்வாகியாக இருந்த பையன் வேலையை விட்டுப் போனால் அவன் அனுமதியையும் அன்றே நீக்குங்கள். குறை சொல்லும் கமெண்டை அழிப்பதைவிட, அதன் அடியில் கடை நம்பரைக் கொடுத்து வரச் சொல்வது வியாபாரத்துக்கும் நல்லது.

குறை எழுதினால் வழக்குப் போடுவார்களா என்று பலருக்கு ஒரு பயம். இணையத்தில் எழுதியதற்காகவே கைது செய்ய உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. அவதூறுச் சட்டம் இருக்கிறது. அதனால் எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். "மார்ச் 3 அன்று வண்டியை விட்டேன், ஜாப் கார்டு இருக்கிறது, இன்னும் திரும்பி வரவில்லை" என்பது உங்கள் அனுபவம். "திருட்டுப் பயல்கள்" என்பது வம்பு.

சரி, எங்கே போவது? முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல், அதற்கு ஒரு டிக்கெட் எண். அது பலிக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை, பதிவு எண் கிடைக்கும். அது நீதிமன்றம் அல்ல. கம்பெனியிடம் கேட்டுச் சொல்லும் இடம். அங்கும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையிலோ குருகிராமிலோ இருக்கலாம். நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போட 2019 சட்டம் வழி செய்திருக்கிறது. ஆதாரில் தூத்துக்குடி விலாசம் இருந்தாலும் ரூம் சிங்கப்பெருமாள் கோவிலில் என்றால் செங்கல்பட்டு ஆணையத்துக்கே போகலாம். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் லோடு ஆட்டோ வாங்கியவரும் நுகர்வோர்தான். வணிகத்துக்காக வாங்கியது என்று சொல்லி அவரைத் தள்ளிவிட முடியாது.

ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்துவைக்கும்போது பக்கத்தின் முழுப் பெயர், தேதி, நேரம் தெரியும்படி எடுங்கள். உரையாடல் இருந்த போனை மாற்றினாலும் பழையதை விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்தோடு பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் கேட்கப்படலாம். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்தில் வழக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். இன்பாக்ஸில் "விரைவில் சரிசெய்கிறோம்" என்று பதில் வந்துகொண்டே இருக்கிறது என்பதால் அந்தக் கெடு நீளாது.