காம்பாக்ட் கேமராவிலிருந்து டிஎஸ்எல்ஆருக்கு மாறணுமா? பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

ஆண்டு விழா மேடையில் குழந்தை ஆடும்போது படம் எடுத்தால் முகம் கலங்கிவிடுகிறது, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. 'இனி டிஎஸ்எல்ஆர்தான்' என்று பலர் முடிவெடுப்பது இந்த இடத்தில்தான். ஆனால், எல்லோருக்கும் அது தேவையா?

வித்தியாசம் எங்கே?

மெகாபிக்சலில் இல்லை, சென்சாரில் இருக்கிறது. சாதாரண காம்பாக்ட் கேமராவின் சென்சார் சுமார் 6.2 x 4.6 மி.மீ. தொடக்கநிலை நிக்கான் டிஎஸ்எல்ஆரில் சுமார் 23.5 x 15.6 மி.மீ. பரப்பளவில் 12 மடங்குக்கும் மேல்! அகலமான பாத்திரத்தில் மழைநீர் அதிகம் சேர்வதுபோல, பெரிய சென்சாரில் ஒளி அதிகம் சேரும். ஃபோகஸும் சட்டென்று கிடைக்கும். அதனால் ஓடும் குழந்தை ஃபிரேமைத் தாண்டுவதற்குள் எடுத்துவிடலாம்.

பாடி மட்டும் போதாது

பலர் ஏமாறுவது இங்கேதான். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை முழுசா ஜூம் செய்தால் அதன் துளை எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடும். தனியாக வாங்கும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், அதைவிட 9 மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். மண்டபத்தில் எடுப்பதுதான் உங்கள் தேவை என்றால், இந்த லென்ஸுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். இதில் ஜூம் கிடையாது, முன்வரிசையில் இடம்பிடிக்க வேண்டியிருக்கும்.

யாருக்கு வேண்டாம்?

தூரத்துப் பறவைதான் இலக்கு என்றால் கிட் லென்ஸ் ஏமாற்றம்தான். அது சுமார் 3 மடங்கு ஜூம் மட்டுமே. 2015-ல் வந்த நிக்கான் பி900 மாதிரியான சூப்பர்ஜூம் கேமராவில் 83 மடங்கு ஜூம் உண்டு. பயணத்தில் பாக்கெட்டில் போட்டுப் போகிறவர்களும் யோசிக்க வேண்டும். கனமாக இருக்கிறதென்று வீட்டிலேயே விட்டுப் போகும் கேமராவால் என்ன பயன்?

இப்போ வாங்கலாமா?

கேனான், நிக்கான் இரண்டின் கவனமும் இப்போது மிரர்லெஸ் பக்கம். அதனால் செகண்ட் ஹேண்டில் டிஎஸ்எல்ஆர் கிடைப்பது எளிது. வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள்:

* ஷட்டர் கவுன்ட் எவ்வளவு என்று கேளுங்கள்.
* லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை.
* நிக்கான் டி3500 போன்ற மாடல்களின் பாடியில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களில்தான் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்.

எப்படி முடிவெடுப்பது?

கடந்த ஒரு வருடத்தில் சொதப்பிய படங்களைத் திறந்து பாருங்கள். இருட்டும் அசைவும் காரணம் என்றால் மாறலாம். தூரம் காரணம் என்றால் சூப்பர்ஜூம் போதும். தலை வெட்டுப்பட்டது, எதிர்வெயிலில் முகம் கருத்தது என்றால், இருக்கும் கேமராவிலேயே பழகுங்கள். இன்னும் குழப்பமா? ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.