வாய் திறக்காத பட்டாளத்துக்காரர்கள்!

காஷ்மீர் பனியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். யாழ்ப்பாணம் என்றால் மவுனம் ஏன்?

பாளையங்கோட்டை டீக்கடை பெஞ்சில் விடிந்ததும் ஒரு கூட்டம் கூடிவிடும். நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு, கையில் பத்திரிகை. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்... மிலிட்டரிக்காரர்கள்!

புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் ஊர், பேர் எல்லாம் அப்புறம்தான். "எந்த ரெஜிமெண்டு, அண்ணாச்சி?" இதுதான் முதல் கேள்வி. பதில் வந்துவிட்டால் போதும். டீ ஆறிப்போகும், பேச்சு ஆறாது!

டிரங்குப் பெட்டி

பதினெட்டு வயதில் ஆள் எடுப்பில் தேறி பட்டாளத்துக்குப் போனவர்கள் இவர்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டு என்றால் நீலகிரி வெலிங்டனில் பயிற்சி. நம்பரும் பெயரும் வெள்ளை பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிதான் சொத்து.

லீவு முடிந்து திரும்புவது அந்தக் காலத்தில் பெரும்பாடு. நெல்லையில் மீட்டர் கேஜ் ரயில் ஏறினால் எழும்பூர். பெட்டியைச் சுமந்துகொண்டு சென்ட்ரல். அங்கே கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் பிடித்து டெல்லி. அதற்கும் அப்பால் ஜம்மு!

வீட்டில் இருப்பவளுக்குத் தெரிந்த விலாசம் "56 ஏ.பி.ஓ." ஒன்றுதான். அது ராணுவத் தபால் நிலையத்தின் எண். ஊர் பெயர் இருக்காது. புருஷன் பனிமலையில் நிற்கிறானா, பாலைவனத்தில் நிற்கிறானா என்பது கடிதம் கொண்டுவரும் தபால்காரருக்கும் தெரியாது.

1971 சண்டையைப் பற்றிக் கேட்டால் பெரியவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். அந்த டிசம்பரில் பசந்தர் ஆற்றங்கரையில் 16-வது மெட்ராஸ் பட்டாலியன் பாகிஸ்தான் டாங்கிகளை எதிர்த்து நின்றது. உயிரைக் கொடுத்த அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் வி.பி. காய்க்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற ரெஜிமெண்டு கோஷத்தை இன்றும் உரக்கச் சொல்லிக் காட்டுவார்கள்.

ஆனால் அதே பெஞ்சில், பேச்சு இலங்கைப் பக்கம் திரும்பினால் சிலர் மட்டும் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள்.

அக்கரைச் சீமை

நெல்லைக்காரனுக்கு இலங்கை அந்நிய தேசம் அல்ல. தூத்துக்குடியில் கப்பலேறி கொழும்பில் கடை வைத்த குடும்பங்கள் எத்தனையோ! இலங்கை வானொலி கேட்டு வளராத வீடு இங்கே குறைவு. அசோகர் கல்வெட்டில் வரும் "தம்பபன்னி" அந்தத் தீவுதான் என்பார்கள் ஆராய்ச்சியாளர்கள். நம்ம ஆற்றின் பெயரே தீவுக்கும் பெயர்!

1987 ஜூலை 29-ந் தேதி ராஜீவ்காந்தியும் ஜெயவர்த்தனேவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதைத் தொடர்ந்து இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் போய் இறங்கியது. மெட்ராஸ் ரெஜிமெண்டு பட்டாலியன்களும் போயின.

இறங்கியவர்களுக்கு மாலை, மரியாதை! எங்கு பார்த்தாலும் பனைமரம், கிணறு. நம்ம உடன்குடி, திசையன்விளைப் பக்கம் மாதிரியே ஊர். பேச்சும் தமிழ்.

அந்தச் சந்தோஷம் இரண்டரை மாதம்கூட நிலைக்கவில்லை. அக்டோபர் 10-ந் தேதி விடுதலைப்புலிகளுடன் சண்டை மூண்டது. "ஆபரேஷன் பவன்" என்று அதற்குப் பெயர். நடுவில் சிக்கிய பொதுமக்களும் செத்தார்கள்.

தமிழ் தெரிந்த சிப்பாய்க்கு அங்கே இரட்டை வேலை. துப்பாக்கியும் பிடிக்க வேண்டும், மொழிபெயர்க்கவும் வேண்டும். சோதனைச்சாவடியில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். பிள்ளையைத் தேடி வந்த தாய் அழுதால், பஞ்சாப் சிப்பாய்க்கு அது வெறும் அழுகைதான். நெல்லை சிப்பாய்க்கோ ஒவ்வொரு வார்த்தையும் புரியும்! காஷ்மீரில் இல்லாத பாரம் இது.

1987 நவம்பர் 25-ந் தேதி மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் நெஞ்சில் குண்டு பட்டும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துப் போராடி மாண்டார். அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்த மண்ணில் உயிரிழந்த இந்தியப் படையினர் சுமார் 1,200 பேர்.

மாலை இல்லாத திரும்பல்

1990 மார்ச் 24-ந் தேதி கடைசிப் பிரிவு திரிகோணமலையில் கப்பல் ஏறியது. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய படையை வரவேற்க அன்றைய முதல்-அமைச்சர் கருணாநிதி போகவில்லை. ஈழத்தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் சொன்ன காரணம். தமிழ்நாட்டில் அன்று அப்படி நினைத்தவர்கள் ஏராளம்.

உத்தரவு போட்டது டெல்லி. பேச்சு வாங்கியது சிப்பாய்! சண்டை போட்டது தப்பா, போகாமல் இருந்திருக்க முடியுமா என்று அவன் யாரிடம் போய்க் கேட்பான்? 1991 மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ்காந்தி கொல்லப்பட்ட பிறகு ஊர்ப்பேச்சு மாறியது. சிப்பாயின் வாய் மட்டும் திறக்கவில்லை.

செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் நினைவுச்சின்னம் எழுந்தது. டெல்லியில் தேசிய போர் நினைவுச்சின்னம் திறந்தது 2019 பிப்ரவரி 25-ந் தேதிதான்! அதுவரை நம் தலைநகரில் அந்தப் பெயர்களுக்கு இடம் இல்லை.

யார் இவர்கள்?

தேடிப்போக வேண்டாம். பதினைந்து வருஷ சர்வீசில் பென்ஷன் வாங்கி, முப்பத்தைந்து வயதுக்குள் ஊர் திரும்பியவர்கள் உண்டு. பாங்கு வாசலில் காவலுக்கு நின்றார்கள், வயலைப் பார்த்தார்கள், பிள்ளைகளைக் கரையேற்றினார்கள். அன்றைய இருபது வயது இளவட்டங்கள் இன்று அறுபதைத் தொட்டுவிட்டார்கள். ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வரிசையில் நிற்கும் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

டிசம்பர் 7-ந் தேதி கொடிநாள். உண்டியலில் காசு போடுவது நல்ல காரியம். அதோடு, பக்கத்து பெஞ்சுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "அக்கரைக்குப் போயிருந்தீங்களா, அண்ணாச்சி?"

பதில் உடனே வராது. அவசரப்படாமல் இன்னொரு டீ சொல்லுங்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கேட்காமல் விட்ட கேள்வி அல்லவா!