சோதனை ஓட்டத்தில் முதலிடம், பந்தயத்தில்?

ஃபார்முலா 1 பருவம் தொடங்குவதற்கு முன்பு குழுக்கள் புதிய கார்களைச் சோதனை ஓட்டம் விடுகின்றன. அன்று மாலையே நேரப் பட்டியல் வெளியாகிவிடும். முதலிடத்தில் இருப்பவர்தான் இவ்வாண்டு வெற்றியாளர் என்று ரசிகர்கள் முடிவு கட்டுகிறார்கள். சிலர் பந்தயப் பணமே கட்டிவிடுகிறார்கள்.

2019-இல் பார்சிலோனாவில் ஃபெராரியின் வெட்டல் 1 நிமிடம் 16.221 விநாடியில் ஓடி முதலிடம் பிடித்தார். மெர்சிடிஸின் ஹெமில்டனுக்கு 16.224. இந்த ஆண்டு ஃபெராரிதான் என்று பலர் நம்பினர். ஆனால் முதல் பந்தயமான மெல்பர்னில் மெர்சிடிஸ் முதல் இரண்டு இடங்களையும் தட்டிச் சென்றது. ஃபெராரிக்கு 4-வது, 5-வது இடங்களே கிடைத்தன. அடுத்த நான்கு பந்தயங்களிலும் முதல் இரண்டு இடங்கள் மெர்சிடிஸுக்குத்தான்.

பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் காரில் எவ்வளவு எரிபொருள் இருந்தது என்பதை அது காட்டுவதில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் வெறும் லோரியும் ஒரே வேகத்தில் மேடு ஏறுமா? 10 கிலோ எரிபொருள் கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி கூடும். பந்தயத் தொடக்கத்தில் காரில் 100 கிலோ வரை எரிபொருள் இருக்கும். அப்படியானால் 3 விநாடி வித்தியாசம் வெறும் எடையாலேயே வரலாம். மென்மையான டயரும், மாலை நேரக் குளிர்ச்சியும், இயந்திரத்தின் முழுச் சக்தியும் நேரத்தை மேலும் குறைக்கும்.

பிறகு எதைப் பார்ப்பது?

முதலில், நீண்ட ஓட்டம். கார் பட்டறைக்குள் போகாமல், டயரை மட்டும் மாற்றிக்கொண்டு முழுப் பந்தயத் தூரமும் ஓடினால், அது முழு எரிபொருளோடு புறப்பட்டது என்பது உறுதி. அப்படி ஓடிய இரு கார்களை, ஒரே வகை டயரில், ஒரே வேளையில் ஒப்பிடலாம். சுற்றுக்குச் சுற்று நேரம் அதிகம் கூடாத கார் டயரைக் காக்கிறது என்று பொருள்.

அடுத்து, சுற்றுகளின் எண்ணிக்கை. 2014-இல் ஹெரெஸ் சோதனையின் நான்கு நாட்களில் மெர்சிடிஸ் 309 சுற்றுகள் ஓடியது. நடப்பு வெற்றியாளரான ரெட்புல் ஓடியதோ 21 சுற்றுகள்தான். அவ்வாண்டின் 19 பந்தயங்களில் 16-ஐ மெர்சிடிஸ் வென்றது.

சில வேளைகளில் முதலிடமே உண்மையாகவும் இருக்கும். ஹோண்டா விலகியதால் மூடப்படும் நிலைக்குப் போன குழுவை ராஸ் பிரான் ஏற்று நடத்தினார். 2009 மார்ச்சில் அக்கார் பார்சிலோனாவில் எல்லாரையும் முந்தியது. விளம்பரதாரர்களை ஈர்க்கவே எடையைக் குறைத்து ஓடுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் நீண்ட ஓட்டத்திலும் அதன் வேகம் குறையவில்லை. ஜென்சன் பட்டன் மெல்பர்னில் வென்றார். அடுத்து நம் செப்பாங்கில், மழையால் பாதியில் நின்ற பந்தயத்திலும் வென்றார். ஆண்டு முடிவில் வெற்றியாளர் பட்டமும் அவருக்கே.

முதல் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் எல்லாரும் குறைந்த எரிபொருளோடுதான் ஓடுவார்கள். அன்று வரும் நேரத்தை நம்பலாம். அதுவரை பணம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.