டயாலிசிஸ் நாளில் புயல் வந்தால்?

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அடையாறு கரைபுரண்டது. ஆற்றை ஒட்டி மணப்பாக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குள் வெள்ளம் புகுந்து, மின்சாரம் போய், ஜெனரேட்டரும் நின்றது. தீவிர சிகிச்சையில் இருந்த 18 பேர் இறந்துபோனார்கள் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. மின்தடையால்தான் இறந்தார்களா, நோய் முற்றி இறந்தார்களா என்று பெரிய வாதமே நடந்தது.

அவர்களாவது செய்தியில் வந்தார்கள். வீட்டு மாடியில் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டு, டயாலிசிஸுக்குப் போக முடியாமல் தவித்தவர்களை யார் எண்ணினார்கள்?

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அதற்குள் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் அந்த மெஷின் வழியாக ஓடும். மின்சாரமும் நல்ல தண்ணீரும் இல்லாவிட்டால் மெஷின் வெறும் பெட்டிதான். வெள்ளத்தில் முதலில் போவதும் இந்த இரண்டும்தானே! ஒரு முறை தவறினாலே உடம்பில் நீர் கோத்து மூச்சு வாங்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது எல்லை மீறினால் இதயம் நின்றுவிடும்.

இதில் இன்னொரு கொடுமை. வெள்ளத்தில் தவிப்பவர்களுக்கு நல்ல மனசோடு வாழைப்பழமும் இளநீரும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ் தள்ளிப்போனவருக்கு அதுவே எமன்.

கரீபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவை 2017 செப்டம்பரில் மரியா புயல் தாக்கியது. இறந்தவர்கள் 64 பேர் என்று அரசு பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு வந்த பிறகு அந்த எண்ணிக்கை 2,975 ஆனது. புயல் கடந்த பின் வந்த மாதங்களில், வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த சாவுகளையும் கணக்கில் சேர்த்ததால் தெரிந்த உண்மை இது. நம் ஊரில் நீரில் மூழ்கியவர், மின்சாரம் தாக்கியவர், சுவர் இடிந்து இறந்தவர் என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2012-ல் சாண்டி புயல் நியூயார்க், நியூஜெர்சி பக்கம் வருகிறது என்று தெரிந்ததும், பல மையங்கள் நோயாளிகளை முன்கூட்டியே வரவழைத்து டயாலிசிஸ் செய்து அனுப்பின. அப்படிச் செய்துகொண்டவர்கள் அவசர சிகிச்சைக்கு ஓடியதும் குறைவு, அடுத்த 30 நாளில் இறந்ததும் குறைவு என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது.

நம்மிடமும் இதற்கு முன்மாதிரி உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால், பிரசவ தேதி நெருங்கிய கர்ப்பிணிகளைக் கிராம சுகாதார செவிலியர்கள் முன்பே மருத்துவமனையில் சேர்த்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பதிவின்போது தரப்படும் பிக்மி எண்ணோடு பட்டியல் கையில் இருப்பதால் அது முடிகிறது. தமிழ்நாட்டு சுகாதாரத் துறையைப் பாராட்டியே ஆக வேண்டிய வேலை அது.

அதே கவனம் ஏன் மற்றவர்களுக்கு இல்லை? 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வயிற்றின் வழியே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பையும் வருகிறது. அவர்கள் பெயரும் தெருவும் ஊழியர்களுக்கு அத்துப்படி. அந்தப் பட்டியலோடு டயாலிசிஸ் மையங்களின் பட்டியலையும், வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்களின் விவரத்தையும் சேர்த்து மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையில் வைக்க வேண்டும். தாழ்வான பகுதி மருத்துவமனைகளில் ஜெனரேட்டரைத் தரைத்தளத்திலிருந்து மேலே ஏற்றாமல் உரிமம் புதுப்பிக்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். உங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால், புயல் அறிவிப்பு வந்தால் ஒருநாள் முன்னதாகவே செய்துவிடுவீர்களா என்று உங்கள் மையத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். ஒருவேளை தள்ளிப்போனால் எதைச் சாப்பிடலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.