பழைய நிழற்படங்களில் மகளிர் உடை

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில், எங்கள் இல்லத்துக் கூடத்தில் ஒரு பழைய நிழற்படம் தொங்குகின்றது. என் பாட்டியாரின் தாயார் மணக்கோலத்தில் நிற்கும் படம் அது. சேலை கறுப்பு; நெற்றித் திலகம் கறுப்பு; முகமும் கறுப்பு. "மங்கல நாளில் கறுப்புச் சேலை உடுத்துவார்களா பாட்டி?" என்று சிறுவனாயிருந்த நான் வினவினேன். பாட்டியார் மறுமொழி கூறாது மரப்பெட்டியைத் திறந்து, அச்சேலையை எடுத்து விரித்தார். அஃது அரக்குச் சிவப்பு!

படம் பொய் கூறியது எங்ஙனம்? 1839-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் நிழற்படக் கலை உலகறிய வெளியிடப்பட்டது. 1856-இல் சென்னையிலேயே அக்கலைக்கென ஒரு சங்கம் தோன்றிவிட்டது. அந்நாளைய கண்ணாடித் தகட்டிற் பூசிய வெள்ளி உப்பு நீல ஒளியை நன்குணரும். மஞ்சளையும் சிவப்பையும் உணராது. ஆதலின் நீலச் சேலை படத்தில் வெளுத்தது, சிவப்புச் சேலை கறுத்தது, குங்குமம் கரிப்பொட்டாயிற்று. மஞ்சள் பூசிக் குளித்த முகம் உள்ளதினும் இருண்டது. பொன்னகையும் ஒளி மழுங்கியது. 1873-இல் ஃபோகல் என்னும் செருமானிய அறிஞர் தகட்டில் சாயம் சேர்த்து இக்குறையைத் தணிக்க வழி கண்டார். எனினும் சிவப்பையும் உணரும் தகடு 1906-இல்தான் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னும் பழைய வகைத் தகடுகள் நெடுநாள் வழங்கின. நம் மூதாட்டியரின் நிறத்தை இப்படங்களைக் கொண்டு அளப்பார் இன்றும் உளர். அவர்கள் அளப்பது தகட்டின் குறையையே.

நிறத்தில் தவறினும், உடையின் அமைப்பை அறிய இப்படங்கள் நல்ல சான்றாகும். தென்பாண்டி நாட்டு முதுமகளிர் சிலர் இரவிக்கையின்றி முந்தானையால் மேனி போர்த்து, நீண்டு தொங்கும் செவிகளில் தண்டட்டியும் பாம்படமும் அணிந்து காணப்படுவர். அவர்தம் பெண்மக்களின் படங்களிலோ, தோளருகே உப்பி நிற்கும் 'பஃப் கை' இரவிக்கை வந்துவிடுகின்றது. அஃது ஆங்கிலச் சீமாட்டியரின் மேலாடையைக் கண்டு நம் தையற்காரர் பயின்றது.

ஆயினும் இவை நாள்தோறும் உடுத்திய உடைகள் அல்ல. படம் எடுத்தல் அந்நாளில் வாழ்வில் ஓரிரு முறையே நிகழும் செயல்; நல்ல சேலையே அதற்குரியது. அருகிலுள்ள நாற்காலியும் பூச்சாடியும் பெரும்பாலும் நிழற்பட நிலையத்தாருடையன. களையெடுத்தபோது உடுத்திய சேலையை இப்படங்களிற் காண்டல் அரிது. பூச்சடை தைத்த பெண்ணின் பின்னே நிலைக்கண்ணாடியை வைத்து, முகமும் பின்னலும் ஒருங்கே தோன்றப் படம் பிடித்த நம்மவர் நுட்பம் எனக்குப் பெரிதும் உவப்பானது.

எங்கள் வீட்டுச் சேலை இன்று இற்றுப்போயிற்று. படத்தின் பின்புறத்தில், "சேலை அரக்குச் சிவப்பு" என்று எழுதி வைத்துள்ளேன்.